நீந்தி முடித்தால்தான் நன்கொடையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

மலையகத்தின் காசல்ரீ நீர்த்தேக்கத்தை ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நீந்திக் கடந்து, அதன்மூலம் சேரும் பணத்தை இருதய சத்திரசிகிச்சைக்காகக் காத்திருக்கும் ஒரு தோட்டத்துச் சிறுமியின் குடும்பத்திடம் கையளிக்க எங்கள் பகுதி இளைஞர்கள் சிலர் முன்வந்திருப்பதாகத் தங்கள் பத்திரிகையில் வெளியான சிறு செய்தியைப் படித்தேன். தமக்கு எவ்வித உறவுமில்லாத ஒரு பிள்ளைக்காகத் தண்ணீரில் இறங்கத் துணிந்திருக்கும் அந்தத் தம்பிமார் மீது எனக்குள்ள மரியாதையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் நீச்சல் இன்னும் மூன்று வாரங்களில் நடைபெறும் என்றும், மறு கரையைத் தொடுபவர்களின் தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டே நன்கொடை வழங்கப்படும் என்றும் அச்செய்தியின் இறுதியில் இருந்த இரண்டு வரிகள் என்னை உறங்கவிடவில்லை. அந்த இரண்டு வரிகளைப் பற்றியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் நோர்வூட்டுக்கு அண்மையில் உள்ள ஒரு தோட்டப் பாடசாலையின் ஆசிரியை. வயது 44. முப்பத்தொன்பது வயது வரை இடுப்பளவு தண்ணீரில்கூட நின்றறியாதவள். கரையோரக் கிராமங்களின் பிள்ளைகளுக்கு நீச்சலும் உயிர்காப்பும் கற்பிப்பதற்கு நிதி திரட்டும் நோக்கத்தோடு கிழக்குக் கடலில் நடைபெற்ற 2 கிலோமீற்றர் நீச்சலில் கடந்த இரண்டு ஆண்டுகளாகப் பங்குபற்றினேன். முதலாம் ஆண்டு முடிக்க இயலாமல் படகில் ஏறினேன்; இரண்டாம் ஆண்டு முடித்தேன். இரண்டையும் அனுபவித்தவள் என்பதைத் தவிர இதைப் பற்றி எழுத எனக்கு வேறு தகுதியில்லை.

நான் நீந்தப் பழகியதன் காரணத்தைச் சொல்லாமல் மேலே செல்ல முடியாது. ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், எங்கள் பாடசாலையில் ஒன்பதாம் தரத்தில் படித்த மாணவன் ஒருவன் நண்பர்களோடு டேம் என்று நாங்கள் சொல்லும் காசல்ரீ நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் குளிக்கப் போனான். மழை குறைந்து நீர்மட்டம் இறங்கியிருந்த காலம். வெளியே தெரிந்த சேற்றுக் கரையில் கால் வழுக்கி ஆழத்துக்குள் போய்விட்டான். கூக்குரல் கேட்டு, தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பக்கமிருந்து ஓடியவர்களில் நானும் ஒருத்தி. கரையில் கூடிநின்ற நாற்பது பேரில் ஒருவருக்கேனும் நீந்தத் தெரியவில்லை. பெண்கள் சேலைகளை முடிந்து வீசினார்கள். நனைந்த துணி பாதித் தூரத்திலேயே விழுந்தது. பிள்ளை இரண்டு முறை மேலே வந்தான். மறுநாள் காலையில்தான் கடற்படைச் சுழியோடிகள் அவனை வெளியே எடுத்தார்கள். டேம் காவு கேட்கிறது என்று வயதானவர்கள் சொன்னார்கள். எங்கள் தோட்டத்தில் அப்படித்தான் சொல்வது வழக்கம்.

மறு ஆண்டு நீச்சல் வகுப்பில் சேர்ந்த முதல் நாளிலேயே, மூடி இறுக்கிய வெற்று எண்ணெய்க் கான் ஒன்றைப் பயிற்றுநர் என் கையில் தந்து, அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மிதக்கச் சொன்னார். ஐந்து லீற்றர் கான் ஏறத்தாழ ஐந்து கிலோகிராம் பாரத்தைத் தாங்கும் என்பதும், கழுத்துவரை நீரில் இருக்கும் ஒருவர் முகத்தை வெளியே வைத்திருக்க அதுவே போதும் என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் கால்களுக்குப் பக்கத்தில் அப்படியான இரண்டு கான்கள், மரக்கறிப் பாத்திக்குத் தண்ணீர் சுமக்க யாரோ வைத்திருந்தவை, கிடந்தன. நான் அவற்றைப் பார்த்தேன். எறியலாம் என்பது எனக்குத் தெரியவில்லை. நாற்பது வயதை நெருங்கும்போது நான் நீந்தப் போனதற்கு இதைவிட வேறு காரணம் இல்லை.

எங்கே கற்பது என்பதே முதற்சிக்கலாக இருந்தது. ஹற்றன், நோர்வூட், மஸ்கெலியா என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர் தெரியும் ஊரில் வசிக்கும் நான், கற்றுக்கொடுக்க ஆளுள்ள ஒரு நீச்சல் தடாகத்தைத் தேடிக் கண்டிவரை போகவேண்டியிருந்தது. ஞாயிறு தோறும் இருள் பிரியுமுன் ஹற்றனுக்கு வந்து, அங்கிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாக மூன்று மணித்தியால பஸ் பயணம். ஒரு மணித்தியாலப் பயிற்சி. ஈரத் தலையோடு மீண்டும் மூன்று மணித்தியாலம். “இந்த வயசுல ஒனக்கு என்னா தண்ணி வெளையாட்டு?” என்று கேட்ட என் அம்மா, முப்பத்திரண்டு வருடம் கொழுந்துக் கூடை சுமந்தவர், மூன்றாவது மாதத்திலிருந்து ஞாயிறு அதிகாலையில் எனக்கு முன்பே எழுந்து ரொட்டியும் சம்பலும் கட்டித் தரத் தொடங்கினார். முழங்காலுக்குக் கீழே வரை மூடிய நீச்சல் உடையை அணிந்துகொண்டு பிறர் முன்னிலையில் நிற்பதற்கு நான் பட்ட கூச்சத்தை இங்கே விரிக்க வேண்டியதில்லை. எங்கள் பெண்கள் பலர் தண்ணீரை அணுகாமைக்கு அது ஒரு பெரிய காரணம் என்பதை மட்டும் பதிவுசெய்கிறேன்.

முதல் இரண்டு மாதங்களும் மூச்சைப் பழகுவதிலேயே போயின. “டீச்சர், காற்றை இழுப்பது தானாக வரும், விடுவதைத்தான் பழக வேண்டும்” என்று பயிற்றுநர் திரும்பத் திரும்பச் சொல்வார். புதிதாகப் பழகுபவர் பயத்தில் மூச்சை அடக்கி வைத்திருப்பார். உள்ளே தேங்கும் காபனீரொட்சைட்டே மூச்சுமுட்டும் உணர்வைத் தருகிறது. முகம் நீருக்குள் இருக்கும்போது மெதுவாகக் காற்றை ஊதிவிட்டுக்கொண்டே இருந்தால் அந்த முட்டல் வராது. வார நாட்களில் தடாகம் இல்லாத நான், வீட்டுப் பின்புறத்தில் பெரிய பேசினில் தண்ணீர் நிரப்பி, அதற்குள் முகத்தை வைத்து ஊதிப் பழகினேன். நான்காவது மாதத்தில் 25 மீற்றர் நீளமுள்ள தடாகத்தை முதன்முறையாக இடையில் நிற்காமல் நீந்தி முடித்தேன். 2 கிலோமீற்றர் என்பது அவ்வாறான 80 நீளங்கள். அந்த எண்ணிக்கையை நிற்காமல் எட்டுவதற்கு எனக்கு ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் எடுத்தன. என்னைவிட இளையவர்களுக்கு அவ்வளவு காலம் தேவைப்படாது. ஆனால் மூன்று வாரம் போதும் என்று எந்தப் பயிற்றுநரும் சொல்லமாட்டார்.

தடாகத்தில் 80 நீளம் நீந்துபவர் திறந்த நீரிலும் அதே தூரத்தை நீந்திவிடுவார் என்றே நானும் எண்ணியிருந்தேன். பொலிஸாருக்கு அறிவித்துவிட்டு, தெரிந்த படகோட்டி ஒருவர் வள்ளத்தில் பக்கத்திலேயே வர, ஒரு ஜனவரி மாதக் காலையில் காசல்ரீயில் முதன்முறையாக இறங்கினேன். மேற்பரப்பு நீரில் வெப்பமானி 20 பாகை செல்சியஸ் காட்டியது. கேட்பதற்கு அது அஞ்சத்தக்க எண்ணாகத் தோன்றாது; எங்கள் விடிகாலைக் காற்று அதைவிடக் குளிர்ந்திருக்கும். உலக நீர் விளையாட்டுச் சம்மேளனத்தின் விதிகளும் 16 பாகை முதல் 31 பாகை வரையுள்ள நீரில் திறந்த நீர்ப் போட்டிகளை நடத்த அனுமதிக்கின்றன. ஆனால் அந்த விதிகள் நீண்டகாலம் பயிற்சிபெற்ற போட்டியாளர்களுக்காக எழுதப்பட்டவை. நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடற்சூட்டைக் கடத்திச் செல்லும். கழுத்து நனைந்த கணத்தில், என் விருப்பமின்றியே வாய் திறந்து பெரும் மூச்சொன்றை உள்ளிழுத்தேன். அதன்பின் மூச்சு ஒன்றன்மேல் ஒன்றாகச் சிதறி வந்தது. ஆண்டுக்கணக்கில் பழகிய கைவீச்சு பத்து மீற்றருக்குள் மறந்துபோயிற்று.

இந்தக் குளிர் அதிர்ச்சி ஒன்றிலிருந்து மூன்று நிமிடங்களுக்குள் தானாக அடங்கிவிடும் என்பதும், அதுவரை நீந்த முயலாமல் மல்லாந்து மிதந்துகொண்டிருக்க வேண்டும் என்பதும் எனக்கு முன்கூட்டியே சொல்லித்தரப்பட்டிருந்ததால் தப்பினேன். பாறையிலிருந்து தலைகீழாகப் பாயும் இளைஞனுக்கு அந்தப் பெருமூச்சு நீருக்கடியில் வந்தால், அவன் உள்ளிழுப்பது தண்ணீரைத்தான். எங்கள் நீர்த்தேக்கங்களில் நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள் என்று பெயரெடுத்த பிள்ளைகளும் கரைக்குக் கிட்டவே மூழ்கிப்போவதற்கு இது ஒரு முக்கிய காரணம் என நான் நம்புகிறேன். அதிர்ச்சி அடங்கிய பின்னரும் அபாயம் வேறு உருவில் வரும்: உடல் தன் சூட்டைக் காப்பதற்காகக் கை கால்களிலிருந்து இரத்தத்தை உள்ளே இழுத்துக்கொள்வதால், இருபது நிமிடங்களின் பின் என் விரல்கள் ஒன்றோடொன்று சேர மறுத்தன. கரையேறிய பிறகும் சிறிது நேரம் உடற்சூடு இறங்கிக்கொண்டே போகும். நடுக்கம் அப்போதுதான் உச்சத்துக்கு வரும். ஈர உடையைக் களைந்து, உலர்ந்த கம்பளி உடுத்து, இனிப்பான சூடான பிளேன்டீயைச் சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டிய நேரம் அது. “சூட்டுக்குக் கொஞ்சம்” என்று சாராயம் கொடுப்பது எங்கள் பக்கத்தில் வழக்கம். சாராயம் தோலின் இரத்தக் குழாய்களை விரித்து, மிஞ்சியிருக்கும் சூட்டையும் வெளியேற்றிவிடும். இந்த ஒரு விடயத்தையாவது நீச்சல் நாளன்று கரையில் நிற்கப்போகும் அண்ணன்மார் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதன்பின் ஆறு மாதங்கள், மழையும் பனியும் விட்ட ஞாயிறுகளில் கண்டிக்குப் பதிலாக டேமுக்குப் போனேன். முதல் நாள் ஐந்து நிமிடம், அடுத்த முறை எட்டு நிமிடம் என்று உடம்பைக் குளிருக்குப் பழக்கினேன். தடாகத்தின் அடியில் இருக்கும் கறுப்புக் கோடு இங்கே கிடையாது. எட்டுக் கைவீச்சுக்கு ஒருமுறை கண்ணை மட்டும் நீருக்கு மேலே உயர்த்தி, தேயிலை மலையில் தனித்து நிற்கும் ஒரு சவுக்கு மரத்தைக் குறியாகப் பார்த்து நேர்கோட்டில் செல்லப் பழகினேன். இடுப்பில் கட்டி இழுத்துச் செல்லும் செம்மஞ்சள் மிதவை இல்லாமல் ஒரு நாளும் இறங்கியதில்லை. அது களைத்தபோது பிடித்துக்கொள்ளவும் உதவும், படகோட்டியின் கண்ணுக்கு என்னைக் காட்டவும் உதவும்.

போட்டி நாள் ஜூலை மாதத்தில் வந்தது. மலையில் அடைமழை, கிழக்கே இறங்கினால் கண்கூசும் வெயில். தென்மேற்குப் பருவக்காற்று எங்கள் மலைகளில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் இழந்து, மறுபுறம் இறங்கும்போது சூடேறிக் கச்சான் என்ற பெயரில் கிழக்குக் கரையில் வீசுகிறது. அது தரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றாதலால் கரையோரத்தில் கடல் கண்ணாடித் தட்டைப் போல் அலையின்றிக் கிடக்கும். அந்த அமைதியைப் பார்த்து நான் மகிழ்ந்துபோனேன். உப்புநீர் நன்னீரைவிட இரண்டரை வீதம் அளவு அடர்த்தி கூடியது என்பதால் உடம்பும் நான் பழகியிராத உயரத்தில் மிதந்தது. 28 பாகைக்கு மேற்பட்ட வெந்நீர் போன்ற கடல் என் மலைக் குளிரையெல்லாம் மறக்கச் செய்தது. வெளி மிதவை வரை காற்று என்னை முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு போனது. திரும்பியபோதுதான் அதே காற்று முகத்தில் அறைந்தது. மூச்செடுக்க வாய் திறக்கும் பக்கமெல்லாம் சிற்றலை வந்து விழுந்தது. கரையில் நான் குறியாக வைத்திருந்த தென்னை மரம் பதினைந்து நிமிடங்களாக அதே பருமனில் நின்றது.

அந்த நேரத்தில் என் மனதில் ஓடியதை மறைக்காமல் எழுதுகிறேன். எனக்கு வாக்களிக்கப்பட்ட நன்கொடைகளில் பெரும்பங்கு, நான் முடித்தால் மட்டுமே தருவதாக ஒரு வர்த்தகர் சொல்லியிருந்த தொகை. கையை உயர்த்திப் படகை அழைக்க வேண்டிய கட்டத்தை நான் கடந்துவிட்டேன் என்பது எனக்குத் தெரியும். விரல்கள் விரிந்துபோயிருந்தன, இரண்டு முறை உப்புநீரை விழுங்கியிருந்தேன். ஆனால் கையை உயர்த்தினால் அந்தப் பணம் போய்விடும், அதைக்கொண்டு நீந்தப் பழகவிருக்கும் பிள்ளைகளின் வாய்ப்பும் போய்விடும் என்ற கணக்கு என்னை மேலும் பத்து நிமிடம் தண்ணீரில் வைத்திருந்தது. கடைசியில் நானாகக் கையை உயர்த்தவில்லை. என் கைவீச்சு சிதைவதைக் கவனித்த படகிலிருந்த பெண் உயிர்காப்பாளர் வந்து ஏற்றினார். 1,300 மீற்றர் அளவில் நான் நீந்தியிருந்தேன். அந்த வர்த்தகர் பின்னர் பணம் தரவில்லை; அவர் சொன்ன வாக்கின்படியே நடந்தார், நான் அவரைக் குறை கூறவில்லை. கொழுந்து பறிக்கும் பெண்கள் சம்பள நாளில் என் கையில் வைத்த நூறு ரூபாய்களுக்கு அப்படியொரு நிபந்தனை இருக்கவில்லை. அவர்கள் பணம் முழுதும் போய்ச் சேர்ந்தது.

அந்தப் பத்து நிமிடங்களை நான் இன்றுவரை நினைத்துப் பார்க்கிறேன். அவற்றுக்காகவே தங்கள் பத்திரிகையில் இடம் கேட்கிறேன். 2011 ஆம் ஆண்டு நாட்டின் தென்முனையான தேவேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை 27 நாட்கள் மக்கள் நடந்து தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலைக்கு நிதி சேர்த்ததை நாம் அறிவோம். நடையில் களைத்தவர் வீதியோர மரநிழலில் உட்காரலாம். யாரும் அவருக்காக அஞ்ச வேண்டியதில்லை. நீரில் உட்கார இடமில்லை. படகில் ஏறும் முடிவு ஒன்றே நீந்துபவருக்கு உள்ள நிழல். அந்த முடிவுக்கு விலை வைத்து, ஏறினால் ஒரு நோயாளிப் பிள்ளைக்குப் பணம் குறையும் என்று ஒரு இருபது வயது இளைஞனின் தலையில் ஏற்றிவிட்டால், அவன் ஏறமாட்டான். நல்ல மனம் படைத்தவன் என்பதாலேயே ஏறமாட்டான்.

ஆகவே நன்கொடை வழங்க முன்வந்திருக்கும் பெரியோரிடம் நான் பணிவோடு கேட்பது இதுதான். அந்தச் சிறுமிக்குத் தருவதாக நினைத்திருக்கும் பணத்தை இன்றே தந்துவிடுங்கள். சத்திரசிகிச்சை மூன்று வாரம் காத்திருக்கலாமா என்பதை வைத்தியர்கள்தான் சொல்ல வேண்டும். ஒரு நீச்சல் முடியும்வரை அது காத்திருக்கத் தேவையில்லை. இரண்டாம் ஆண்டு நான் அப்படித்தான் செய்தேன். நீந்துவதற்கு ஒரு வாரம் முன்பே எல்லாப் பணத்தையும் பெற்று ஒப்படைத்தேன். பயிற்சிக்காகவே தருகிறோம், முடித்தாலும் முடிக்காவிட்டாலும் தருகிறோம் என்று தந்தவர்களிடமிருந்து மட்டுமே வாங்கினேன். முன்னைய ஆண்டைவிடத் தொகை குறையவில்லை. பணம் ஏற்கெனவே சேர்ந்துவிட்டது என்ற நிம்மதியோடு இறங்கியதால், கச்சான் எழுவதற்கு முன் விடிகாலையிலேயே தொடக்கம் வைக்கப்பட்ட அந்த நாளில், 1 மணித்தியாலம் 8 நிமிடங்களில் கரைசேர்ந்தேன்.

தம்பிமாருக்கு ஒரு வார்த்தை. கைவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை; தள்ளிப்போடுங்கள் என்கிறேன். கரைக்குக் கரை கடப்பதில் உள்ள வீரம் எனக்கும் புரிகிறது. ஆனால் நடு நீர்த்தேக்கத்தில் ஒருவர் களைத்தால் இரு கரையும் ஒரே தூரம். அதே தூரத்தைக் கரைக்கு இணையாக, ஐம்பது மீற்றருக்குள், மிதவைகள் கட்டிய பாதையில் போய்வந்து நீந்தினால் நீந்திய தூரம் ஒரு மீற்றரும் குறையாது. நீருக்கடியில் இருப்பதையும் மறக்க வேண்டாம். 1960களில் இந்த நீர்த்தேக்கங்கள் அமைந்தபோது பள்ளத்தாக்குகள் அப்படியே நீருக்குள் மூழ்கிப்போயின. அருகிலுள்ள மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தில் நீர் வற்றும் காலத்தில் பழைய மஸ்கெலியா நகரத்தின் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் தலைகாட்டுவதைப் பார்க்கப் போகாதவர் எங்கள் பகுதியில் குறைவு. அடிக்கட்டைகளும் கற்கட்டுகளும் கால் சிக்கும் ஆழத்தில் எங்கே இருக்கின்றன என்பது நீர்மட்டத்தைப் பொறுத்து மாறும். நீர்மட்டமோ மின்னுற்பத்தியைப் பொறுத்து மாறும். எனவே மின்சார சபையின் அனுமதியும் பொலிஸாரின் பிரசன்னமும் வெறும் சடங்குகளாகக் கருதப்படக் கூடாது. காசல்ரீயில் சில நாட்களில் நீர்விமானமும் வந்திறங்குகிறது என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

இறங்குமுன் ஒவ்வொருவரும் தடாகத்தில் முழுத் தூரத்தையும் நிற்காமல் நீந்திக் காட்டட்டும். டேமின் குளிரில் பல தடவை, படகின் துணையோடு பழகட்டும். ஒரே நிறத் தொப்பிகளை எண்ணிக் கொடுத்து, கரையேறும்போது எண்ணி வாங்குங்கள். “போதும், ஏறு” என்று சொல்லும் அதிகாரம் நீந்தாத ஒருவரிடம், நன்கொடைக் கணக்கு வைத்திராத ஒருவரிடம் இருக்கட்டும். ஒருவர் தத்தளித்தால் இன்னொருவர் பாய வேண்டாம். மூழ்குபவரின் பிடியில் சிக்கிக் காப்பாற்றப் போனவரும் போவதை நாம் எத்தனை முறை செய்தியில் படித்திருக்கிறோம். கயிறு, கழி, கான், எது கைக்கெட்டுகிறதோ அதை எறியுங்கள்.

நீச்சலில் தமிழர் படைத்த சாதனைகளை நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கலாம். தொண்டைமானாற்று நவரத்தினசாமி 1954 ஆம் ஆண்டு 27 மணித்தியாலங்கள் நீந்திப் பாக்கு நீரிணையைக் கடந்தார். வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் 1971 ஆம் ஆண்டு அதே நீரிணையை இருவழியாகவும் 51 மணித்தியாலங்களில் நீந்தி முடித்தார். கடலை முற்றமாகக் கொண்டு வளர்ந்தவர்கள் அவர்கள். அப்படிப்பட்ட ஆனந்தனே 1984 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் உயிர்நீத்தார். அவரது பெயரை என் மாணவர்களுக்குச் சொல்லும்போதெல்லாம் இந்தக் கடைசிச் செய்தியையும் சேர்த்தே சொல்லுகிறேன். தமிழகத்திலிருந்து தோட்ட வேலைக்கு வந்த எங்கள் பாட்டன்மாரும் அந்த நீரிணையைக் கடந்தவர்கள்தான். அவர்கள் வள்ளங்களின் அடித்தட்டில் குந்தியிருந்து, நீந்தத் தெரியாமல், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழி நடந்து மலையேறினார்கள். ஐந்து தலைமுறை கழிந்தும் அவர்களுடைய பிள்ளைகளுக்கு நீந்தத் தெரியவில்லை என்பதே எனக்குள்ள கவலை.

இந்த நீச்சல் நடக்குமானால், சிறுமிக்கான தொகை போக மேலதிகமாகச் சேர்வதில் ஒரு பங்கை எங்கள் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பிப்பதற்கு ஒதுக்கும்படி ஏற்பாட்டாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். உலக சுகாதார நிறுவனம் 2024 ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, 2021 ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். அவர்களில் பாதிக்கு அண்மித்தோர் 29 வயதுக்குக் குறைந்தவர்கள். பாடசாலை வயதுப் பிள்ளைகளுக்கு அடிப்படை நீச்சலும், நீர்ப் பாதுகாப்பும், தாம் ஆபத்தில் மாட்டாமல் பிறரைக் காப்பாற்றும் முறையும் கற்பிக்க வேண்டும் என்பது அந்நிறுவனத்தின் பரிந்துரைகளில் ஒன்று. இதற்குக் கோடிக்கணக்கில் செலவிட்டுத் தடாகம் கட்ட வேண்டும் என்பதில்லை. பங்களாதேஷின் கிராமங்களில் ஊர்க் குளத்துக்குள்ளேயே மூங்கிலால் தளமும் வேலியும் அமைத்து, பிள்ளையின் நெஞ்சளவு ஆழத்துக்குமேல் போகாதபடி அடியை உயர்த்தி, அதற்குள் சிறுவர்களுக்கு நீச்சல் கற்பிக்கிறார்கள். மூங்கிலுக்கு எங்கள் ஆற்றோரங்களில் பஞ்சமில்லை. சூடு கூடிய மாதங்களில், தோட்டத்துச் சிறு குளங்களில், ஒரு தோட்டத்துக்கு இருபது பிள்ளைகள் என்று தொடங்கலாம். இடம் தர வேண்டியவை தோட்ட நிருவாகங்கள்; பயிற்றுநரை ஒழுங்குசெய்ய வேண்டியது வலயக் கல்விப் பணிமனை. பெண்பிள்ளைகளுக்குப் பெண் பயிற்றுநர் வேண்டும் என்பதையும், அவர்கள் கூச்சமின்றி அணியக்கூடிய உடை வேண்டும் என்பதையும் தொடக்கத்திலேயே தீர்மானிக்காவிட்டால், ஆண்பிள்ளைகள் மட்டுமே வருவார்கள். மழைக்காலத்தில் வகுப்பறையிலேயே கற்பிக்கக்கூடியது, கான் எறிவதும் கயிறு வீசுவதும். எங்கள் பாடசாலையில் அதிபரின் அனுமதியோடு சென்ற தவணையில் அதைத் தொடங்கினேன். மைதானத்தில் கோடு போட்டு, கோட்டுக்கு அப்பால் உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் கயிறு கட்டிய கானை எறிந்து சேர்க்கும் விளையாட்டாக அதைப் பழகுகிறார்கள். கான் இலேசாக இருந்தால் காற்றில் விலகும் என்பதால், கால்வாசி தண்ணீர் விட்டு எறிய வேண்டும் என்பதைக் கண்டுபிடித்தவள் ஏழாம் தரத்தில் படிக்கும் ஒரு சிறுமி.

நீச்சலை ஒழுங்குசெய்யும் இளைஞர்கள் விரும்பினால் தங்கள் பத்திரிகை அலுவலகத்தின் வாயிலாக என்னைத் தொடர்புகொள்ளலாம். நான் பயிற்றுநர் அல்லள்; எனக்குக் கற்றுத்தந்தவரை அழைத்து வர முடியும், அவர் வர இசைந்திருக்கிறார். படகோட்டியும் இசைந்திருக்கிறார். அடுத்த ஞாயிறு மழையில்லாவிட்டால் காலை எட்டு மணிக்கு டேமின் நோர்வூட் பக்கக் கரையில் இருப்பேன். வெப்பமானி, இருபது மீற்றர் கயிறு, வெற்றுக் கான்கள் இரண்டு, எல்லோருக்கும் போதிய பிளேன்டீ ஆகியவற்றைக் கொண்டுவருவேன்.

இவ்வண்ணம்,
தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவர்,
நோர்வூட்.